மின் இரட்டைப் படையைக் கண்ட இராணுவ வைத்தியர்

சீனாவின் ஷங்காய் நகரில் 2006ஆம் ஆண்டு புதுவகை பஸ் வண்டிகள் சில சேவைக்கு வந்தன. தரிப்பிடத்தில் பயணிகள் ஏறி இறங்கும் குறுகிய நேரத்துக்குள் மின்சாரத்தை உள்வாங்கிக்கொண்டு அவை புறப்பட்டுவிடும். அவ்வண்டிகளில் மின்சாரத்தைச் சேமித்தவை வழமையான பற்றரிகள் அல்ல. சுப்பர் கப்பாசிட்டர் என வர்த்தக உலகம் அழைக்கின்ற மிகைக் கொள்ளளவிகளே அப்பணியைச் செய்தன. ஏ380 ரக விமானத்தின் அவசரகாலக் கதவுகளை இயக்குவதற்கும், புகையிரதங்கள் தடுப்பிடும்போது வீணாகும் சக்தியை மீட்டெடுப்பதற்கும் அவை இன்று பயன்படுகின்றன. இக்கருவிகளைப் பற்றிய பாடநூல் எதனைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயரை நாம் காண்கிறோம். ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அந்த ஜேர்மனியர் 1894ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவருடைய வாழ்நாளில் இத்தகைய கருவி ஒன்றுகூட இருக்கவில்லை. அப்படியிருக்க அவர் பெயர் அங்கே எவ்வாறு வந்தது என்பதைச் சொல்வதற்கு அவரது வாழ்வையே சொல்லவேண்டியிருக்கிறது.

பேர்லின் நகருக்கு அண்மையிலுள்ள பொட்ஸ்டாமில் 1821ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர், தத்துவத்திலும் இலக்கியத்திலும் தோய்ந்தவர், கையில் பணமில்லாதவர். மகனுக்கோ பௌதிகவியலில் தீராத நாட்டம். ஆசிரியர் சம்பளத்தில் பல பிள்ளைகளை வளர்க்கும் குடும்பமொன்று பௌதிகவியல் கற்பதற்கென மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது அன்று இயலாத காரியம். பேர்லினிலிருந்த இராணுவ மருத்துவ நிறுவனம் திறமையான ஏழை மாணவர்களுக்கு இலவசமாக வைத்தியம் கற்பித்தது. அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் பிரஷ்ய இராணுவத்தில் வைத்தியராகக் கடமையாற்ற வேண்டும். 1838ஆம் ஆண்டு பதினேழு வயது இளைஞர் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். விரும்பிய துறையைக் கைவிட்டுக் கைக்கெட்டிய துறையைத் தெரிவுசெய்த பிள்ளைகளை நமது ஊர்களிலும் நாம் நிறையவே கண்டிருக்கிறோம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் வேறுபட்டது ஒரு விடயத்திலேதான். கைக்கெட்டிய துறையின் வழியாகவே விரும்பிய துறைக்குள் அவர் நுழைந்தார்.

மாணவப் பருவத்தின் இறுதிக் காலத்தில் கடுங்காய்ச்சல் கண்டு வைத்தியசாலையில் கிடந்தார். மாணவர் என்பதால் சிகிச்சையும் உணவும் இலவசமாகக் கிடைத்தன. அந்நாட்களில் செலவாகாது மிஞ்சிய சொற்பத் தொகையைக் கொண்டு நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கினார். உயர்ந்த ரகக் கருவியன்று அது. ஆயினும் முதுகெலும்பற்ற உயிரினங்களின் நரம்பு நார்கள் நரம்புக் கலங்களிலிருந்தே புறப்படுகின்றன என்பதைக் காட்டும் 1842ஆம் ஆண்டின் பட்ட ஆய்வுக்கு அதுவே போதுமாயிருந்தது.

அவருடைய ஆசான் ஜொஹானஸ் முல்லர், உடற்றொழிலியலில் அக்காலத்தின் முதன்மை அறிஞர். உயிருள்ள உடலில் பௌதிக, இரசாயன விதிகளுக்கு அப்பாற்பட்ட உயிர்விசை ஒன்று செயற்படுகிறது என்ற கொள்கை அப்போது செல்வாக்குடன் இருந்தது. முல்லரும் அதனை ஏற்றிருந்தார். அவரிடம் பயின்ற டு புவா ரேமொன், புரூக்கே, ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய இளைஞர்களோ அதனை ஏற்க மறுத்தனர். ஆசானை மதித்துக்கொண்டே ஆசானின் கொள்கையை எதிர்த்த அந்த இளைஞர் கூட்டத்தின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. பொட்ஸ்டாமில் குதிரைப்படைப் பிரிவொன்றின் வைத்தியராகச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், படைமுகாமிலேயே சிறு ஆய்வுகூடம் அமைத்துத் தவளைத் தசைகளைச் சுருங்கச் செய்து, அவற்றில் எழும் வெப்பத்தை அளந்தார். இரசாயன மாற்றத்தினாலன்றி அந்த வெப்பம் தோன்ற வழியில்லை எனக் கண்டார்.

அங்கிருந்தே 1847ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரை பிறந்தது. சக்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை; ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது என்பதனைப் பொறியியல், வெப்பம், மின், காந்தம் யாவற்றுக்கும் கணித முறையில் அவர் விரித்துரைத்தார். வயது இருபத்தாறு. ஜேர்மனியின் முன்னணிப் பௌதிகவியல் சஞ்சிகையின் ஆசிரியர் பொகென்டோர்ப் கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டார். பரிசோதனை போதாது, ஊகம் அதிகம் என்பது அவரது எண்ணம். கட்டுரை தனிச் சிறுநூலாகவே வெளிவந்தது. வைத்தியர் ஜூலியஸ் ரொபேர்ட் மேயர் 1842ஆம் ஆண்டிலேயே இதே உண்மையை வேறு வழியில் எட்டியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனை அறிந்திருக்கவில்லை. அறிந்துகொண்ட பின்னர் 1854ஆம் ஆண்டின் பகிரங்கச் சொற்பொழிவில் மேயரின் முன்னுரிமையை ஏற்றுக்கொண்டார். ஆயினும் பிற்காலத்தில் மேயரின் பெருமையைத் திருடியவர் என்ற குற்றச்சாட்டு அவர்மீது சுமத்தப்பட்டது. நமது பார்வையில் அக்குற்றச்சாட்டு நியாயமற்றது. மேயருக்கு உரிய அங்கீகாரம் வாழ்வின் பிற்பகுதி வரை கிடைக்காமற் போனது மட்டும் மறுக்கமுடியாத துயரம்.

எட்டு ஆண்டுக் கடமை முழுமையாக நிறைவேறவில்லை. மூத்த அறிஞர் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட்டின் தலையீட்டினால் 1848ஆம் ஆண்டு இராணுவம் அவரை விடுவித்தது. மறுவருடம் கொனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியரானார். ஒல்கா வொன் வெல்ற்றனை மணந்தார். அங்கேதான் நரம்பு வழியே செய்தி பாயும் வேகத்தை அளந்தார். அதனை அளக்க ஒருபோதும் இயலாது என முல்லர் கருதியிருந்தார். தவளையின் நரம்பில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் மட்டுமே என 1850ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். அடுத்த ஆண்டு உயிருள்ள மனிதனின் விழித்திரையை வைத்தியர் நேரடியாகப் பார்ப்பதற்கான கருவியை வெளியிட்டார். இன்றும் கண் வைத்தியர் நம் விழிக்குள் ஒளி பாய்ச்சி நோக்கும் கருவியின் மூதாதை அது. அவரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது அந்தச் சிறு கருவியே.

இனி நமது விடயத்துக்கு வருவோம். தவளைத் தசையிலும் நரம்பிலும் மின்னோட்டம் உண்டு என்பதை நண்பர் டு புவா ரேமொன் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அளந்தது உடலின் மேற்பரப்பில். மின்னின் ஊற்றோ உள்ளே எங்கோ இருக்கிறது. வெளியே அளந்ததை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லமுடியுமா? இக்கேள்விக்குக் கணித முறையில் விடைகாண முயன்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1853ஆம் ஆண்டு நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அவரைத் திருப்பியனுப்பிய அதே பொகென்டோர்ப்பின் சஞ்சிகையிலேயே அது வெளியாயிற்று. உட்புற ஊற்றுகளின் எண்ணற்ற ஒழுங்குகள் மேற்பரப்பில் ஒரே அளவீட்டைத் தரக்கூடும் என்பதை அது காட்டியது. மூளையினதும் இதயத்தினதும் மின்னலைகளைப் பதிந்து ஆராய்வோர் இன்றும் மல்லுக்கட்டும் சிக்கல் இதுவேயாகும். சிக்கலான மின்சுற்று ஒன்றினை ஒற்றை மின்னியக்க விசையும் ஒற்றைத் தடையுமாகச் சுருக்கலாம் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து 1883ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் தெவெனின் அதனைத் தனியாகக் கண்டார். நமது பொறியியல் மாணவர்கள் தெவெனின் தேற்றம் என்றே அதனைப் படிக்கின்றனர். புகழ் பங்கிடப்படும் விதம் எப்போதும் விசித்திரமானது.

அக்கட்டுரையில் இன்னொரு எண்ணமும் இடம்பெற்றது. தன்மையில் வேறுபட்ட இரு கடத்திகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நிகழ்கிறது? தொடும் எல்லையின் ஒரு பக்கத்தில் நேரேற்றமும் மறு பக்கத்தில் மறையேற்றமும் மிக நுண்ணிய இடைவெளியில் எதிரெதிராக அணிவகுத்து நிற்கும் எனவும், அந்த இரட்டைப் படையே எல்லையில் அழுத்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்கிறது எனவும் அவர் கருதினார். அதே 1853ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று முதிய மைக்கேல் பரடேயைச் சந்தித்தார். கரைசலில் மின்னைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு அயன் என்ற பெயரை, அறிஞர் வில்லியம் ஹுவெலின் ஆலோசனையுடன், 1834ஆம் ஆண்டில் வழங்கியவர் பரடே. அயனும் இரட்டைப் படையும் ஒன்றுசேர இன்னும் காலம் எடுத்தது.

1859ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் இருண்ட ஆண்டு. அவ்வருடம் தந்தையார் மறைந்தார். டிசெம்பரில் மனைவி ஒல்காவும் மறைந்தார். இரு குழந்தைகளுடன் தனித்துநின்ற அவர் 1861ஆம் ஆண்டு அன்னா வொன் மோலை மறுமணம் செய்தார். பொன், ஹைடெல்பேர்க் நகரங்களில் பணியாற்றிய காலத்தில் பார்வையையும் கேட்டலையும் பற்றிய அவரது இரு பெரும் நூல்கள் தோன்றின. கண்ணில் விழும் ஒளியிலிருந்து பொருளை அறிவது, நாம் அறியாமலே மனம் செய்யும் அனுமானத்தினால்தான் என அவர் வாதிட்டார். மனம் மிக விரைவாக அனுமானிப்பதால் நாம் அதனை உணர்வதில்லை என்ற கருத்தைப் பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு அல் ஹைதம் தமது ஒளியியல் நூலில் ஆராய்ந்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

1871ஆம் ஆண்டு அவருக்குப் பேர்லின் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஐம்பதாவது வயதை எட்டும் தருணத்தில், பதினேழு வயதில் கைவிட்ட துறைக்கு அவர் வந்துசேர்ந்தார். விரிவுரைகள் மாத்திரம் அவருக்குக் கைவரவில்லை. ஆயத்தமின்றி வருவார், கரும்பலகையில் கணக்குப் பிழைப்பார், வகுப்பு மெல்ல மெல்லக் காலியாகும் என அவரிடம் பயின்ற மக்ஸ் பிளாங்க் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் ஆய்வுகூடத்தில் அவர் வேறொருவர். ஹைன்றிச் ஹேர்ட்ஸை மின்காந்த ஆய்வின் பக்கம் திருப்பியவர் அவரே. மின்காந்த அலைகளை ஹேர்ட்ஸ் பரிசோதனையில் காட்டியது அதன் விளைவாகும்.

பேர்லினில் அவர் மீண்டும் மின்பகுப்பைக் கையிலெடுத்தார். நீரைப் பிரிப்பதற்குப் போதாத சிறு அழுத்தத்தைக் கரைசலில் அமிழ்ந்த இரு உலோக மின்வாய்களுக்குக் கொடுத்தால் கணநேரம் மின்னோட்டம் பாய்ந்து தணிந்துவிடுகிறது. வெளிச்சுற்றை அகற்றி மின்வாய்களைக் கம்பியால் இணைத்தால் மின் எதிர்த் திசையில் திரும்பிப் பாய்கிறது. போன மின் எங்கே தங்கியிருந்தது? மின்வாயின் மேற்பரப்பிலுள்ள இரட்டைப் படையில் என்பதே அவர் கண்ட விடை. மின்சாரம் செலுத்தினால் நீர் களிமண்ணினூடாகவும் கண்ணாடிக் குழாயினூடாகவும் நகர்வதை அவருக்கு முன்னரே பலர் கண்டிருந்தனர். கண்ணாடிச் சுவரும் நீரும் எதிரெதிரான ஏற்றங்களைக் கொள்வதே காரணம் என குவின்கே கூறியிருந்தார். இவை யாவற்றையும் ஒரே கோட்பாட்டின் கீழ் கொண்டுவந்து 1879ஆம் ஆண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் கட்டுரையொன்றை வெளியிட்டார். 1881ஆம் ஆண்டு லண்டனில் பரடேயின் நினைவாக ஆற்றிய சொற்பொழிவில், மூலகங்கள் அணுக்களால் ஆனவை என ஏற்போமானால் மின்னும் பிரிக்கவியலாத சிறு அலகுகளாலானது என்ற முடிவைத் தவிர்க்க இயலாது எனக் கூறினார். இலத்திரன் கண்டுபிடிக்கப்படுவதற்கு அப்போது இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன.

இந்த இரட்டைப் படை எவ்வாறு மின்னைச் சேமிக்கிறது என்பதை எளிதாக விளக்கலாம். சாதாரண கொள்ளளவியில் இரு உலோகத் தகடுகள் எதிரெதிரே இருக்கும். தகடுகளின் பரப்பு கூடக்கூடவும் இடைவெளி குறையக்குறையவும் கொள்ளளவம் பெருகும். மறையேற்றம் பெற்ற மின்வாயைக் கரைசலில் வைத்தால் கரைசலிலுள்ள நேர் அயன்கள் அதன் மேற்பரப்பை நாடி வந்து ஒட்டி நிற்கின்றன. மின்வாய் ஒரு தகடு என்றால் அயன் வரிசை மறு தகடு. இடைவெளியோ ஒரு நனோமீற்றருக்கும் குறைவு. அயன்கள் மின்வாயுடன் இரசாயன மாற்றம் எதிலும் ஈடுபடுவதில்லை. வருகின்றன, நிற்கின்றன, விடுவித்தால் திரும்பிச் செல்கின்றன. ஆகவேதான் செக்கன்களில் ஏற்றமுடிகிறது. பல இலட்சம் தடவைகள் ஏற்றி இறக்கினாலும் கருவி தேய்வதில்லை. பற்றரியிலோ ஒவ்வொரு தடவையும் பொருளே மாற்றமடைகிறது.

ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் இவ்வாறு பெறக்கூடிய கொள்ளளவம் ஏறத்தாழ 10 மைக்ரோபரட். நாம் வாழும் பூமியுருண்டை முழுவதும் தனியொரு கடத்தியாகக் கொண்டிருக்கக்கூடிய கொள்ளளவமே ஏறத்தாழ 710 மைக்ரோபரட்தான் என்றால், விரல் நுனியளவு பரப்பின் 10 மைக்ரோபரட் எத்துணை பெரிது என்பது விளங்கும். ஆயினும் வழவழப்பான உலோகப் பரப்பில் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை. அதற்குத் துளைகள் நிறைந்த கரி வேண்டியிருந்தது. செயலூக்கப்பட்ட கரியின் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீற்றருக்கும் மேற்பட்ட உட்பரப்பு அடங்கியிருக்கிறது. அதன்படி கணக்கிட்டால் ஒரு கிராம் கரி 100 பரட் வரை தரவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பெக்கர் 1957ஆம் ஆண்டில் பெற்ற ஆக்கவுரிமம் இத்தகைய கரி மின்வாயை விவரிக்கிறது. கொள்ளளவம் மிகப் பெரிதாயிருப்பதன் காரணம் தமக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. ஒஹையோ ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டு ஆக்கவுரிமமே இரட்டைப் படையின் பங்கை இனங்கண்டது. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் 1853ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து எண்ணினால் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் மூன்று ஆண்டுகளில் பலன்தர வேண்டும் எனக் கேட்கும் அதிகாரிகளிடம் இக்கணக்கை யாராவது எடுத்துக் காட்டுவது நல்லது.

அந்தக் கரியில் கணிசமான பகுதி தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைக்கிறது. சிரட்டைக் கரியில் நுண்துளைகள் மிகுதி, சாம்பல் குறைவு. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளுக்கு இவ்விடயத்தில் ஒரு தொடர்பு உண்டு. சிரட்டையிலிருந்து செயலூக்கப்பட்ட கரியைத் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இலங்கை முக்கியமானது. அடுப்பெரிக்கும் சிரட்டை என்று நாம் ஒதுக்கிவைப்பதன் உள்ளே ஓர் ஆயிரம் சதுர மீற்றர் ஒளிந்திருக்கிறது.

மிகைக் கொள்ளளவியின் குறைபாட்டையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அரைக் கிலோ எடையுள்ள 3000 பரட், 2.7 வோல்ட் கொள்ளளவி ஒன்று சேமிக்கும் சக்தி ஏறத்தாழ 3 வாட்மணி மட்டுமே. கைத்தொலைபேசியின் சிறு லித்தியம் பற்றரி அதைப்போல நான்கைந்து மடங்கைச் சேமிக்கிறது. வோல்ட்டைக் கூட்டினால் சக்தி இருமடிவிகிதத்தில் ஏறும். ஆனால் மின்பகுபொருள் சிதையத் தொடங்கிவிடும். அதனால் இதுவரை பற்றரியின் இடத்தை இது பிடிக்கவில்லை. விரைவும் நீடித்த ஆயுளும் வேண்டிய இடங்களில் மாத்திரமே கோலோச்சுகிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் சித்திரமும் முழுமையானதன்று. அயன்கள் சிப்பாய்களைப் போல் ஒரே வரிசையில் அசையாது நிற்பதில்லை. வெப்பத்தினால் அவை ஓயாது அலைகின்றன என்பதை 1910ஆம் ஆண்டில் பிரான்சின் கூயும் 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சப்மனும் காட்டினர். மேற்பரப்பை ஒட்டிய இறுக்கமான படையும் அதற்கப்பால் கலைந்து பரவிய படையுமாக இரண்டையும் 1924ஆம் ஆண்டில் ஒட்டோ ஸ்டேர்ன் இணைத்தார். நனோ துளைகளுக்குள்ளோ இவையும் முற்றாகப் பொருந்துவதில்லை. தன்னைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளைக் களைந்துவிட்டு அயன் ஒரு நனோமீற்றரிலும் சிறிய துளைக்குள் நுழைகிறது எனவும், அப்போது கொள்ளளவம் எதிர்பாராத வகையில் உயர்கிறது எனவும் 2006ஆம் ஆண்டில் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஏற்றம் ஏறுமுன்னரே துளைகளில் இருவகை அயன்களும் நிறைந்திருக்கின்றன. ஏற்றும்போது ஒருவகை நுழைய மறுவகை வெளியேறுகிறது என்பது காந்தப் பரிவு ஆய்வுகளால் தெரியவந்தது. துளையின் அளவைவிடக் கரியின் ஒழுங்கின்மையே கொள்ளளவத்தைத் தீர்மானிக்கிறது எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். விவாதம் இன்னமும் ஓய்ந்தபாடில்லை.

அவருடைய இறுதி ஆண்டுகளில் புகழுக்குக் குறைவிருக்கவில்லை. பிரபுப் பட்டம் கிடைத்தது. தொழிலதிபர் வேர்னர் சீமன்ஸ் வழங்கிய நிலத்தில் 1887ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பேரரசின் பௌதிக தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அவரே முதலாவது தலைவர். கரும்பொருளின் கதிர்வீச்சை அங்கே எடுத்த அளவீடுகளே 1900ஆம் ஆண்டில் பிளாங்கின் சக்திச்சொட்டுக் கொள்கைக்கு வழிகோலின. ஆனால் வீட்டுக்குள் துயரம் தொடர்ந்தது. பௌதிகவியலாளரான மகன் ரொபேர்ட் 1889ஆம் ஆண்டு இளவயதிலேயே இறந்தார். 1893ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சிக்குச் சென்று திரும்புகையில் கப்பலின் படிக்கட்டில் விழுந்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் தலையில் காயமடைந்தார். அடுத்த ஜனவரி முதலாம் திகதி, மகனைப் போல் நேசித்த மாணவர் ஹேர்ட்ஸ் முப்பத்தாறு வயதில் காலமானார். ஹேர்ட்ஸ் விட்டுச்சென்ற நூலுக்கு எழுபத்திரண்டு வயது ஆசான் முன்னுரை எழுதி முடித்தார். அந்த ஜூலை மாதத்திலேயே பாரிசவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1894ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி பேர்லினை அடுத்த சார்லொட்டன்பேர்க்கில் அவர் காலமானார்.

பேர்லின் பல்கலைக்கழக முன்றலில் 1899ஆம் ஆண்டு நாட்டப்பட்ட அவரது பளிங்குச் சிலை இன்றும் நிற்கிறது. மின்வாயின் மேற்பரப்புக்கு மிக அண்மையில் அயன்கள் வந்து நிற்கும் இரு தளங்களுக்கும் மின்னிரசாயனவியலாளர்கள் இட்ட பெயர் உள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தளம், வெளி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தளம் என்பதாகும்.